எரிச்சலுக்கு ஒரு மாத்திரை, போக்குக்கு ஒரு மாத்திரை

நேயர்களுக்கு வணக்கம். நான் காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர் வேலை. இரண்டையும் சேர்த்தால் முப்பது வருஷமாக மாத்திரை எண்ணிக் கொடுக்கிறேன். நான் டாக்டர் இல்லை. கடை மேசைக்குப் பின்னால் நின்று பார்த்ததைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

போன தை மாதம் ஒரு மத்தியானம், கடையில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து ஒரு ஆச்சி வந்தார். சுருக்குப்பையைத் திறந்து, கத்தரியால் வெட்டின மாத்திரை அட்டைத் துண்டு ஒன்றை மேசையில் வைத்தார். இரண்டு குழி, இரண்டும் காலி. பின்பக்கத் தகட்டில் '...ஃப்ளாக்ஸ' என்ற எழுத்து மட்டும் மிச்சம். முழுப்பெயர், காலாவதித் தேதி எல்லாம் கத்தரியோடு போய்விட்டது.

"இதுல ஒரு ஆறு குடுத்தா."

"எதுக்கு ஆச்சி?"

பக்கத்தில் நின்ற ஆள் போகும்வரை பேசாமல் இருந்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஒண்ணுக்குப் போனா எரியுதுத்தா. நாலு நாளாச்சு. சூடுதான். பார்லித் தண்ணி குடிச்சேன், எளநி குடிச்சேன், கேக்கல. போன வருஷம் பேத்தி கல்யாணத்துல வயித்தால போனப்ப இதுல ரெண்டு போட்டேன். டக்குனு நின்னுச்சு."

இன்றைக்கு நான் பேச வந்தது முழுக்க அந்த நாலு வரியில் இருக்கிறது. கல்யாண வீட்டு வயிற்றுப்போக்கு, மாத்திரை போடாவிட்டாலும் அநேகமாக இரண்டு மூன்று நாளில் நின்றிருக்கும். அதற்கு ஆன்டிபயாடிக் உடனே உள்ளே போனது. நீர்க்கடுப்புக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும். அதற்கு நாலு நாள் இளநீர். ஆச்சியை மட்டும் சொல்லவில்லை. என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இப்படித் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். படித்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே.

முதலில் நீர்க்கடுப்பு. சூட்டினால் வருவது என்று எல்லோரும் சொல்கிறோம். வெயில் காலத்தில் தண்ணீர் குறைத்துக் குடித்தால் சிறுநீர் கெட்டியாகி லேசாக எரியும், அதை மறுக்கவில்லை. ஆனால் அடிக்கடி போக வேண்டும்போல் இருந்து, போனால் நாலு சொட்டு வந்து, அடிவயிறு வலித்து, கலங்கலாகப் போனால் அது பெரும்பாலும் கிருமி. ஈ.கோலை என்று பெயர். நம் குடலிலேயே சாதுவாகக் குடியிருக்கும் கிருமிதான். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் சிறியது, ஆசனவாய்க்கும் பக்கம். அதனால் அது இடம் மாறுவது சுலபம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆச்சி அந்தத் தை மாதம்தான் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடைப்பயணம் போய் வந்திருந்தார். வழியில் ஒதுங்க இடம் இருக்காது என்று பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. வந்தாலும் அடக்கிக்கொண்டு நடப்பார்கள். ராத்திரி பஸ்ஸில் சென்னைக்குப் போகிறவர்களும் இதே கதைதான். சிறுநீர் பையில் தேங்கத் தேங்கக் கிருமிக்குக் கொண்டாட்டம்.

சரி, ஆச்சி கேட்ட மாத்திரைக்கு வருவோம். 'ஃப்ளாக்ஸசின்' என்று முடிகிற மருந்துகள் ஒரு குடும்பம். சிப்ரோ, நார், ஆஃப், லெவோ என்று முன்னால் பெயர் மாறும். நல்ல மருந்துகள்தான், உயிர் காத்த மருந்துகள். ஆனால் நம் நாட்டில் தொட்டதற்கெல்லாம் கொடுத்துக் கொடுத்து, ஈ.கோலைக்கு இது பழகிப்போய்விட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) வருஷந்தோறும் வெளியிடும் அறிக்கைகளைப் பார்த்தால் தெரியும், சிப்ரோஃப்ளாக்ஸசினுக்கு ஈ.கோலை பெரும்பாலும் மசிவதில்லை. இன்னொன்று யோசித்துப் பாருங்கள். வயிற்றுப்போக்குக்கு என்று போட்ட மாத்திரை குடலில் இருக்கும் சாதுக் கிருமிகளைக் கொல்கிறது. அதற்குத் தப்பிய முரட்டுக் கிருமி மாதக்கணக்கில் அங்கேயே தங்கிப் பெருகுகிறது. பின்னொரு நாள் அதே கிருமி சிறுநீர்ப் பைக்கு ஏறினால், அதே மாத்திரை எப்படிக் கேட்கும்?

பக்கவிளைவும் உண்டு. இந்தக் குடும்பத்து மருந்துகள் குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாணைப் பாதிக்கலாம், அபூர்வமாக அது அறுந்தும் போகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே கட்டம் கட்டி எச்சரித்தது. அறுபது தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். சாதாரண நீர்க்கடுப்புக்கு வேறு மருந்து இருக்கும்போது இதைக் கொடுக்காதீர்கள் என்று 2016-ல் மறுபடியும் சொன்னது. நடைப்பயணம் போகிறவர்கள் பையில் முன்னெச்சரிக்கையாக இந்த அட்டையைத்தான் வைத்துக்கொண்டு போகிறார்கள். காலை நம்பிப் போகிற பயணத்தில் காலைப் பிடிக்கிற மருந்து! சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்களுக்கு இது திடீரென்று சர்க்கரையை இறக்கிவிடவும் செய்யும். டாக்டரே எழுதிக் கொடுத்தால் பயப்படாமல் சாப்பிடுங்கள், ஆனால் பாலோடு வேண்டாம். பால், தயிர், அல்சருக்குக் குடிக்கும் மருந்து, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் ஏற விடாது. சூடாக ஒரு டம்ளர் பாலில் மாத்திரை விழுங்குவது நம் வீடுகளில் வழக்கம் என்பதால் சொல்கிறேன்.

அப்படியானால் எரிச்சலுக்கு எதுதான் போடுவது? பழைய மருந்து ஒன்று, நைட்ரோஃபுரான்டாயின். 1953-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது, சிறுநீரில் வரும் ஈ.கோலை இன்றும் பெரும்பாலும் அதற்கு அடங்குகிறது. சாதாரணமாக ஐந்து நாள், சாப்பாட்டோடு. ஃபாஸ்ஃபோமைசின் என்று தண்ணீரில் கரைத்து ஒரே வேளை குடிக்கும் தூளும் உண்டு. பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு நைட்ரோஃபுரான்டாயின் ஆகாது. பிரசவ நாள் நெருங்கியவர்களுக்கும் கொடுக்கக் கூடாது. குளிர்காய்ச்சலோடு விலாவுக்குக் கீழே முதுகில் வலித்து வாந்தியும் எடுத்தால், கிருமி சிறுநீரகத்துக்கே ஏறிவிட்டது என்று அர்த்தம். அங்கே இந்த மருந்து பயன்படாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகள், ஆண்கள், குழந்தைகள், சர்க்கரை நோயாளிகள் இவர்களுக்கெல்லாம் நீர்க்கடுப்பு வந்தால் கடையோடு முடிக்கவே கூடாது. நீர்க்கடுப்புக்குச் சில சமயம் எழுதும் சல்ஃபா வகை மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். தோலே உரிந்து வரும் அளவுக்குப் போவதுண்டு.

நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு, சிறுநீரில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட் எழுதுவார்கள். அதை முதல் மாத்திரைக்கு முன்னால் கொடுக்க வேண்டும். 'நேத்து ராத்திரி ஒண்ணு போட்டுட்டேன்' என்றால் கிருமி சரியாக முளைக்காது. முதலில் கொஞ்சம் போக விட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அந்தத் தாளில் மருந்துப் பெயர்கள் வரிசையாக இருக்கும், எதிரே 'எஸ்' என்றோ 'ஆர்' என்றோ போட்டிருக்கும். எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும். ஆர் என்றால் அடங்காது. அந்தத் தாளைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், அடுத்த முறை டாக்டருக்கு உதவும்.

எரிச்சல் அடங்க ஒரு சிரப் வாங்கிப் போவார்கள், இளஞ்சிவப்பாக, புளிப்பும் உப்புமாக இருக்கும். சிறுநீரின் புளிப்பை மாற்றி எரிச்சலைத் தணிக்கும், அவ்வளவுதான், கிருமியைக் கொல்லாது. பார்லித் தண்ணீரும் அப்படியே. குடியுங்கள், நல்லது. ஆனால் அதுவே வைத்தியம் என்று நாலு நாள் உட்கார வேண்டாம்.

இனி வயிற்றுப்போக்கு. நம் பக்கத்து விருந்து தெரிந்ததுதானே. காலையில் வெள்ளைப் பணியாரமும் கவுனி அரிசியும், மத்தியானம் முழு இலை, இடையில் யாரோ நீட்டும் கந்தரப்பம். மூன்றாம் நாள் வயிறு கோபித்துக்கொள்கிறது. தண்ணீராகப் போகிற வயிற்றுப்போக்கில் பெரும்பகுதி வைரஸாலோ, கெட்ட சாப்பாட்டில் இருக்கும், தானாக அடங்கும் விஷத்தாலோ வருவது. வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. ஆச்சிக்கு 'டக்குனு நின்னது' மாத்திரையால் இல்லை, நிற்கிற நேரம் வந்து நின்றது. பெயர் மட்டும் மாத்திரைக்கு. இது போதாதென்று ஆன்டிபயாடிக்கே வயிற்றுப்போக்கை உண்டாக்குவதும் உண்டு.

உடம்பை விட்டுப் போவது தண்ணீரும் உப்பும். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 1971-ல் வங்காளத்தின் பங்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. திலீப் மஹலநாபிஸ் என்ற டாக்டர் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்து, உறவினர்களையே வாய்வழியாகக் கொடுக்க வைத்தார். நூற்றுக்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது 4-க்கும் கீழே இறங்கியது. 2023-ல், அவர் இறந்த பிறகு, பத்ம விபூஷண் கொடுத்தார்கள். உயிரோடு இருக்கும்போது கொடுத்திருக்கலாம்.

அந்தத் தூள்தான் இன்று கடையில் ஓஆர்எஸ் பாக்கெட். 21 கிராம் பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டரில் கரையுங்கள். டம்ளருக்குக் கொஞ்சம் என்று கையளவில் போட்டால் உப்பு கூடும், குறையும். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். சின்னக் குழந்தைகளுக்கு டாக்டர் துத்தநாக மாத்திரை 10 முதல் 14 நாள் எழுதுவார், போக்கு நின்றாலும் தொடர்ந்து கொடுக்க வேண்டும். ஓஆர்எஸ் என்ற பெயரைப் பூசிக்கொண்டு பழரசம் மாதிரி இனிப்பு டப்பாக்கள் வந்தன. 2025-ல் அந்தப் பெயரைப் போடவே தடை விதித்தார்கள். சர்க்கரை அதிகமுள்ள அதைக் கொடுத்தால் போக்கு கூடத்தான் செய்யும்.

ஆன்டிபயாடிக் வேண்டிய வயிற்றுநோயும் இருக்கிறது. ரத்தமும் சளியுமாக, காய்ச்சலோடு போனால், கஞ்சித் தண்ணீர் மாதிரி நிற்காமல் கொட்டினால், ஒரு வாரமாகக் காய்ச்சல் விடாமல் டைபாய்டு என்று சந்தேகம் வந்தால் டாக்டரிடம் போங்கள். ரத்தம் போகும்போது போக்கை அடைக்கிற மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், கிருமி உள்ளேயே தங்கிவிடும். அமீபா என்ற குடல் கிருமிக்கு மெட்ரோநிடசோல் எழுதினால், வாயில் இரும்புச் சுவை அடிக்கும், பயப்பட வேண்டாம். அந்த நாட்களில் மது மட்டும் தொடக் கூடாது.

அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து. கொடுக்க மறுத்தால் எங்களைத் திட்டாதீர்கள். பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஐயாக்களும் ஆச்சிகளும் சிங்கப்பூர் மகனிடம் போனில் கேட்டு மருந்துப் பெயரைத் துண்டுத்தாளில் எழுதி வருகிறார்கள். மகன் நல்லவர்தான், ஆனால் அவர் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லையே. வயதானவர் திடீரென்று குழப்பமாகப் பேசினாலோ, சோர்ந்து படுத்தாலோ கிருமித் தொற்றாக இருக்கலாம், யாராவது உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

அந்த ஆச்சியை டாக்டரிடம் அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டேதான் போனார். கல்ச்சர் வந்தபோது சிப்ரோவுக்கு நேராக ஆர், நைட்ரோஃபுரான்டாயினுக்கு எஸ். சீட்டோடு வந்தார், பத்து மாத்திரையை முழு அட்டையாகக் கொடுத்தேன், சாப்பாட்டோடு என்று சொன்னேன். மூன்றாம் நாள் காலை நான் கடை திறக்கப் போனால் ஆச்சி படியில் உட்கார்ந்திருக்கிறார், முகம் வெளுத்திருக்கிறது. "என்னத்தா குடுத்த? காப்பிக் கலர்ல போகுது. காமாலையா?"

அந்த மருந்து சிறுநீரைப் பழுப்பாக்கும், அதில் கெடுதல் ஒன்றுமில்லை. முப்பது வருஷ அனுபவம், அந்த ஒரு வரியைச் சொல்ல மறந்துவிட்டேன். இரண்டு வேளை மாத்திரையை ஆச்சி பயந்து நிறுத்தியிருந்தார். கடையைத் திறக்காமல் முதலில் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். விட்ட இடத்திலிருந்து தொடரச் சொன்னார்.