தமிழ் வகுப்பில் எதற்காக நிற்கிறோம்?

வணக்கம், எல்லாரும் நலமா? மொரீசியஸில் புதிதாகத் தமிழ் வகுப்பு எடுக்கப் போகிறவர்களுக்காகத்தான் இன்றைக்குப் பேசுகிறேன், வேறு பாடம் எடுப்பவர்களும் கேட்கலாம். மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பயிற்சி முடித்துவிட்டு வருகிறீர்கள், எப்படி நடத்துவது என்று அங்கே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எதற்காக நடத்துகிறோம் என்பதை நாமேதான் முடிவு செய்ய வேண்டும், அதுவும் வகுப்புக்குள் காலை வைப்பதற்கு முன்னாலேயே.

கேட்டால் எல்லாரும் தமிழை வளர்க்கத்தான் என்போம். நல்ல எண்ணம்தான், ஆனால் திங்கட்கிழமை காலையில் இருக்கிற கொஞ்ச நேரத்தில் எதைச் சொல்லித் தருவது, எதை விடுவது என்று யோசிக்கும்போது அந்தப் பதில் கை கொடுக்காது. சரி, தேர்வுக்காக என்று வைத்துக்கொள்வோமா? ஆறாம் வகுப்பு முடிவில் பி.எஸ்.ஏ.சி. என்கிற தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வு இருக்கிறது, பிள்ளைகள் நன்றாக எழுதட்டும். ஆனால் தமிழ் இங்கே விருப்பப் பாடம். மேலே போனதும் விட்டுவிடுகிற பிள்ளைக்குத் தேர்வுக்காகப் படித்தது எத்தனை நாள் நிற்கும்?

என் நோக்கம் சின்னது. என்னிடம் படித்த பிள்ளை தன் கண்ணில் படுகிற தமிழை யார் துணையும் இல்லாமல் எழுத்துக் கூட்டி வாசித்துவிட வேண்டும், அவ்வளவுதான். பேச்சுத் தமிழ் வேண்டாமா என்பீர்கள். வேண்டும். ஆனால் வீட்டில் இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் என்று வளர்கிற பிள்ளைக்குத் தமிழில் பேச்சுக் கொடுக்க வீட்டில் பெரும்பாலும் ஆள் இல்லை. வாசிப்புக்கு எதிரில் ஆள் தேவையில்லை, அதனால் அது பிள்ளையோடு தங்கும் என்று நம்புகிறேன்.

தைப்பூச விரத நாட்களில் கோவில்களில் பாருங்கள். பிள்ளைகள் கையில் தேவாரத் தாள், எல்லாம் ரோமன் எழுத்தில். அழகாகப் பாடுகிறார்கள், ஆனால் அந்தத் தாளில் லகரமும் ளகரமும் ஒன்றாகிவிடுகிறது, எந்தச் சொல் எங்கே முடிகிறது என்றும் தெரிவதில்லை. அதே பாட்டைத் தமிழில் எழுதிக் கொடுத்தால் பல பிள்ளைகள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.

நம் மொரீசியஸ் ரூபாய் நோட்டிலும் தமிழ் இருக்கிறது. 1998இல் புது நோட்டுகளில் தமிழின் இடத்தை மாற்றி இந்திக்குக் கீழே போட்டபோது தமிழர்கள் கொதித்துப் போனார்கள், மத்திய வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. பெரியவர்கள் அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய இடம் அது. அதனால் முதல் வகுப்பிலேயே ஒரு நோட்டை மேசையில் வைத்து, இதில் தமிழ் எங்கே என்று கேட்பேன். ஒரு பையன் மூக்கு தாளில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து தேடி, விரலை வைத்து "மிஸ், இதுதானே?" என்றான். அந்த வருடம் முழுக்க எங்கே தமிழைப் பார்த்தாலும் என்னிடம் வந்து சொல்வது அவன் வேலையாகிவிட்டது.

நோக்கம் இப்படித் தெளிவாக இருந்தால் மற்றதெல்லாம் தானாக முடிவாகிவிடும். கிரியோலில் விளக்குவதா, கூடாதா என்று குழம்ப மாட்டேன், புரிந்தால் போதும். பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதச் சொல்வதைக் குறைத்துவிட்டேன், பார்த்து எழுதுகிற பிள்ளை வாசிக்காமலேயே எழுதி முடித்துவிடும். தினமும் ஒவ்வொருவரும் ஒரு வரியாவது வாய்விட்டு வாசிக்க வேண்டும், கூச்சப்படுகிற பிள்ளை என் பக்கத்தில் வந்து மெதுவாக வாசிக்கலாம். என்னோடு வேலை பார்க்கிற அக்கா ஒருவர் பிள்ளைகளை நாடகம் போட வைத்துப் பேச வைக்கிறார், அவர் நோக்கம் வேறு, அதனால் அவர் வகுப்பும் வேறு மாதிரி இருக்கிறது. இரண்டும் சரிதான். எதற்கு என்றே யோசிக்காமல் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போவதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

தேர்வு நெருங்கும்போது பழைய வினாத்தாள்களுக்கே நேரம் போய்விடும், பெற்றோரும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். அப்போதும் முதல் ஐந்து நிமிடம் வாசிப்புக்குத்தான், அதை நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஏன் என்று தலைமையாசிரியர் கேட்டால் சொல்ல என்னிடம் காரணம் இருக்கிறது.