நொய்யலு எந்த டிபார்ட்மென்ட்டுங்க?

(பெருந்துறைப் பக்கம் ஒரு அறக்கட்டளைக் கூட்டத்துல பேசினது. பேசின மாதிரியே டைப் பண்ணிப் போடறேன், மைக் மக்கர் பண்ணின எடத்த மட்டும் விட்டுட்டேன்.)

மேடையில இருக்கற பெரியவங்களுக்கும், முன்னாடி உக்காந்திருக்கற மில்லுக்காரங்க, சாயப்பட்டறைக்காரங்க, தோட்டத்துக்காரங்க எல்லாருக்கும் வணக்கமுங்க. நம்ம பக்கத்து யுனிவர்சிட்டி ஒண்ணுல எல்லாத் துறை ஆளுகளும் சேர்ந்து உயர் ஆராய்ச்சி பண்றதுக்குன்னு ஒரு நிலையம் வெக்கலாம்னு பேச்சு ஓடுது, காசு நம்மகிட்டதான் கேப்பாங்க, அது என்ன ஏதுன்னு வெளங்கற மாதிரி சொல்லுங்கன்னு கூப்புட்டாங்க.

மொதல்ல அது என்ன இல்லீங்கறத சொல்லிடறனுங்க. அது இன்னொரு காலேஜ் இல்ல. அட்மிஷன் கெடையாது, டிகிரி கெடையாது, ஹாஸ்டல் ஃபீஸ் கெடையாது. வருசத்துக்குக் கொஞ்சப் பேர ஃபெல்லோன்னு எடுப்பாங்க, கெமிஸ்ட்ரில ஒருத்தரு, வரலாறுல ஒருத்தரு, விவசாயத்துல ஒருத்தரு இப்படி. அந்த ஒரு வருசம் அவங்க கிளாஸ் எடுக்க வேண்டாம், பேப்பர் திருத்த வேண்டாம், இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஃபைல் அடுக்க வேண்டாம், அவங்க கிளாஸுக்கு வேற ஆளு போடற காச நிலையம் டிபார்ட்மென்ட்டுக்குக் குடுத்துரும். பதிலுக்கு ரெண்டே கண்டிசன். வாரம் ஒருக்கா தன்னோட வேலைய மத்த துறைக்காரங்களுக்குப் புரியற மாதிரி சொல்லோணும். மத்தியானம் எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்புடோணும். சோத்துக்குக் கூடவா ரூலுன்னு சிரிக்கறீங்க, ஆனா ஒரே கேம்பஸ்ல வேல பாக்கறவங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம ரிட்டயர் ஆகறது நம்மூர்ல சாதாரணமுங்க.

இந்த மாதிரி நிலையத்துக்கெல்லாம் முன்மாதிரியா இருந்த ஒண்ணுக்குக் காசு போட்டவங்க யாருன்னு கேட்டீங்கன்னா ஒரு கடைக்காரக் குடும்பந்தானுங்க. அமெரிக்காவுல நெவார்க்னு ஒரு ஊரு, அங்க பாம்பெர்கர்னு துணிமணில இருந்து சகலமும் விக்கற பெரிய கடை, 1929ல பங்குச் சந்தை விழறதுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னாடி நல்ல வெலைக்குக் கடைய வித்துட்டாங்க. கையில பணம், அண்ணன் லூயிஸும் தங்கச்சி கேரலினும் ஒரு மெடிக்கல் காலேஜ் கட்டலாம்னுதான் நெனச்சாங்க. ஃப்ளெக்ஸ்னர்னு ஒரு கல்விக்காரரு அவங்ககிட்டப் பேசிப் பேசி மனச மாத்திட்டாரு, 1930ல பிரின்ஸ்டன்ல உயர் ஆய்வு நிலையம் வந்துச்சு, 1933ல ஐன்ஸ்டீன் அங்க சேர்ந்தாரு. அது யுனிவர்சிட்டிக்குள்ள இல்ல, தனி. ஆனா பின்னாடி யுனிவர்சிட்டிக வெச்சதுல நெறைய அதப் பாத்துத்தான் வெச்சாங்க. அங்க ஃபான் நாய்மன்னு கணக்குப் போடற மனுசன் கம்ப்யூட்டர் கட்டினாரு, கூட இருந்த சில பேருக்கு அது புடிக்கல, கணக்குக்காரங்க எடத்துல ஒயரும் சோல்டரிங்குமான்னு. அதே எடத்துலதான் மெஷின வெச்சு வானிலை கணக்குப் போட முடியுமான்னு ஒரு க்ரூப் உக்காந்துச்சு. இன்னைக்கு நம்ம ஃபோன்ல மழை வருமான்னு பாக்கறமே, அதோட வேருல ஒண்ணு அங்க இருக்குதுங்க.

நம்மூரு ஆளுக கேக்கற மொதக் கேள்வி, இதுல என்ன வருமானம்? கேக்க வேண்டிய கேள்விதான், நானும் கவுண்டம்பாளையத்துக்காரன், கேக்காம இருப்பனா. ஆனா அத எப்பக் கேக்கறோங்கறதுதான் முக்கியம். நம்ம கோயமுத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தையே எடுத்துக்கோங்க, 1912ல ஆரம்பிச்சது. வடக்க கரும்பு குச்சி மாதிரி மெலிசு, நல்ல தடிக்கரும்ப அங்க கொண்டு போனா குளிருக்குத் தாங்கல. பார்பர்னு தாவரவியல்காரரும் வெங்கட்ராமனும் என்ன பண்ணாங்க, நம்ம வெள்ளைக் கரும்போட ஆத்தோரம் தானா மொளைக்கற காட்டுக் கரும்பச் சேத்தாங்க. சாறும் இல்ல, இனிப்பும் இல்ல, எந்த வெவசாயியும் வரப்புல கூட விடமாட்டான், அப்படியொரு புல்லு அது. அதுல பொறந்ததுதான் கோ 205ங்கற கரும்பு ரகம், 1918ல வெளிய வந்துச்சு, வடநாட்டுக் கரும்பு வெள்ளாமையையே பொரட்டிப் போட்டுருச்சு. 1913லயே ஒருத்தர் வந்து இந்தப் புல்லுல என்னய்யா லாபம்னு கேட்டு மூடியிருந்தா? அப்புறம் முப்பதுகள்ல ஜானகி அம்மாள்னு ஒரு தாவரவியல் விஞ்ஞானி அதே எடத்துல மைக்ராஸ்கோப்புல குரோமோசோம் எண்ணிட்டு உக்காந்திருந்தாங்க. வயக்காட்டுக்காரனும் லேபுக்காரியும் ஒரே காம்பவுண்டுல இருந்தாங்க, அதுதான் விசயம்.

சென்னையிலயும் அப்படித்தான். ஜி.என்.ராமச்சந்திரன் பிசிக்ஸ்காரரு, 1952ல மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கு வந்தவரு, பக்கத்துலயே தோல் ஆராய்ச்சி நிலையம். தோல்ல இருக்கற கொலாஜன் புரதம் முப்பிரி கயிறு மாதிரி முறுக்கியிருக்குதுன்னு அவரும் கோபிநாத் கர்த்தாவும் சொன்னாங்க. தோல் பதனிடறவங்க பக்கத்துல இல்லீன்னா அவரு கைக்கு அந்தப் பொருளு வந்திருக்குமான்னு எனக்குச் சந்தேகந்தானுங்க.

இப்ப நம்ம சங்கதிக்கு, திருப்பூர் வழியா ஓடற நம்ம நொய்யல் ஆத்துக்கு வர்றேன். நொய்யலு எந்த டிபார்ட்மென்ட்டுங்க? ஆத்தங்கரையில இருக்கற கொடுமணல்ல தோண்டினப்ப பாசிமணி பட்டறையும் இரும்பு உருக்கின ஒலைத் தடமும் கெடச்சுது, அப்ப ஆறு தொல்லியல்காரங்களுக்குச் சொந்தம். அங்கிருந்து ரொம்பத் தள்ளி இல்ல ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்குன்னு கட்டினது, திருப்பூர் சாயப்பட்டறைகள்ல இருந்து வந்த சாயத்தண்ணி தேங்கி கடைசில வெவசாயியே தண்ணி தொறக்காதீங்கன்னு கோர்ட்டுக்குப் போனாங்க, அப்ப ஆறு வக்கீலுக்குச் சொந்தம். 2011ல ஐகோர்ட்டு பட்டறைகள மூடச் சொல்லுச்சு, ஒரு சொட்டுக் கழிவு கூட வெளிய போகக்கூடாதுங்கற ஏற்பாடு வந்துச்சு, அப்ப இன்ஜினியருக்குச் சொந்தம். தண்ணிய ஆர்ஓங்கற உப்பு பிரிக்கற வடிகட்டில விட்டு, மிச்சத்தக் காய்ச்சி, சாயம் புடிக்கப் போடற உப்பத் திருப்பி எடுத்து மறுபடி பட்டறைக்கே குடுக்கறாங்க, நல்ல வேலை, நம்மாளுக சாமர்த்தியந்தான். ஆனா திருப்பவும் முடியாம எறியவும் முடியாம ஒரு கலப்பு உப்பு நிக்குது பாருங்க, பழுப்பா, ஈரம் புடிச்சா கட்டி தட்டிப் போயி, ஷெட்டுல மூட்டை மேல மூட்டையா. சாயப்பட்டறைக்காரங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. அத எந்த டிபார்ட்மென்ட் வாசல்ல கொண்டு போய் எறக்குவீங்க? கெமிஸ்ட்ரி, பிரிக்கலாம்பாங்க. காமர்ஸ், கட்டுபடி ஆகாதும்பாங்க. ஜியாலஜி, பொதைச்சா கெணத்துக்கு எறங்கும்பாங்க. எல்லாரும் சொல்றது சரி, மூட்டை அங்கயேதான் இருக்குது.

ஒரு பயம் எனக்கு இருக்குது, அதையும் சொல்லிடறேன். பல துறை ஆராய்ச்சின்னு பேரு வெச்சுட்டு மூணு துறைல மூணு பேரு தனித்தனியா எழுதி ஸ்டேபிள் அடிச்சுக் குடுப்பாங்க, பணமும் வந்துரும். இல்லீன்னா கல்வெட்டு, கண்ணாடிக் கட்டடம், ரிட்டயர் ஆனவங்களுக்கு ஏசி ரூம். கட்டடத்துக்கு ஒத்த ரூபா குடுக்காதீங்க, இருக்கற லைப்ரரில ஒரு மாடி போதும், ஆளுகளோட நேரத்துக்குக் குடுங்க.

மொத வருசத்துக்கு அந்த உப்பு மூட்டையவே விசயமா வைங்க. கெமிஸ்ட்ரி, நெலத்தடித் தண்ணி, சட்டம், பொருளாதாரம் இவங்களோட, பட்டறைல நின்னு வயசான ஒரு டையிங் மாஸ்டரும் வேணும், டிகிரி இல்லீன்னாலும். அவருக்கும் அதே சம்பளம், அதே மேசை. ரூல்ல எடமில்லீம்பாங்க. அத மாத்துவாங்களான்னு காசோலைல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிருங்க, போட்டதுக்கு அப்புறம் கேட்டா நடக்காதுங்க.