எக்ஸிமாவில் அலர்ஜி எந்த வழியாக உள்ளே வருகிறது?

[திரையில்: முழங்கை மடிப்பில் சிவந்து, நகக்கீறல் விழுந்த தோல்]

குழந்தைக்கு எக்ஸிமா, அதாவது தோல் வறண்டு, சிவந்து, அரிக்கும் நோய், என்று தெரிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "எந்தச் சாப்பாட்டை நிறுத்தணும்?" என்பதுதான். அலர்ஜி இருப்பதால்தான் எக்ஸிமா வந்தது என்று நினைத்துக் கேட்கிறோம். ஆனால் பல பேருக்கு விஷயம் தலைகீழாக நடக்கிறது. முதலில் தோல் பழுதாகிறது. அந்த ஓட்டை வழியாகத்தான் அலர்ஜி உள்ளே நுழைகிறது. அலர்ஜியே இல்லாமல் எக்ஸிமா மட்டும் இருப்பவர்களும் உண்டு.

[அனிமேஷன்: செங்கல் சுவர் போல அடுக்கிய தோல் செல்கள்]

சரி, தோலின் மேலடுக்கைப் பெரிதாக்கிப் பார்ப்போம். செல்கள்தான் செங்கல், நடுவில் உள்ள கொழுப்பு சாந்து. இந்தச் சுவருக்கு உறுதி தரும் புரதங்களில் ஒன்று ஃபிலாக்ரின். அதற்கான மரபணுவில் கோளாறு இருந்தால் எக்ஸிமா வரும் வாய்ப்பு கூடுகிறது என்று 2006-இல் கண்டுபிடித்தார்கள். ஃபிலாக்ரின் குறைந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகும். வெளியே இருப்பது உள்ளே வரும்.

வீட்டுத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி வாழ்கிறது: டஸ்ட் மைட். அதன் கழிவில் இருக்கும் என்சைம் செல்களுக்கு இடையே உள்ள பிணைப்பையே அறுத்துவிடும். கதவு திறந்திருப்பது போதாதென்று பூட்டையும் உடைக்கிற ரகம்!

அடிபட்ட தோல் செல்கள் டிஎஸ்எல்பி, ஐஎல்-33 என்ற ரசாயனங்களை விட்டு அபாய மணி அடிக்கின்றன. தோலில் காவல் இருக்கும் டென்ட்ரிடிக் செல், நுழைந்த புரதத்தின் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு, நோய் எதிர்ப்பு செல்கள் கூடும் பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போய், அங்கே டி செல் என்ற எதிர்ப்பு செல்லிடம் காட்டுகிறது. அபாய மணியோடு வந்த சரக்கு அல்லவா? டி செல் டிஎச்2 என்ற வகையாக மாறிவிடுகிறது. குடற்புழு போன்ற ஒட்டுண்ணிகளை விரட்டுகிற படை அது. வெறும் தூசிக்காக இறங்குகிறது.

[அனிமேஷன்: டிஎச்2 செல்லிலிருந்து மூன்று அம்புகள்]

டிஎச்2 செல் மூன்று ரசாயனச் செய்திகளை அனுப்புகிறது. அதில் ஐஎல்-31 நேராக நரம்பைத் தூண்டி அரிப்பைக் கிளப்பும். ஐஎல்-4, ஐஎல்-13 இரண்டும் பி செல்கள் என்ற எதிர்ப்பு செல்களை ஐஜிஇ தயாரிக்க வைக்கும். அலர்ஜிக்குக் காரணமான ஆன்ட்டிபாடி அது. அந்த ஐஜிஇ, தோலில் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கும். அதே பொருள் மறுபடி வந்தால் மாஸ்ட் செல்கள் அரிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டும். இதோடு முடிந்தால் பரவாயில்லை. இதே ஐஎல்-4, ஐஎல்-13 தோலில் ஃபிலாக்ரின் உற்பத்தியையும் குறைத்துவிடும். மரபணு நன்றாக இருப்பவருக்கும் இதே கதிதான். சுவர் மேலும் ஓட்டையாகும், அரிக்கும், சொறிவோம், இன்னும் கிழியும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமிக்கு இது வசதியான இடம். அதன் நச்சுகள் வீக்கத்தை இன்னும் ஏற்றிவிடும்.

அரிப்புக்கு ஹிஸ்டமின் மட்டும் காரணமில்லை என்பதால்தான் ஆன்ட்டிஹிஸ்டமின் மாத்திரை எக்ஸிமாவில் பெரிதாகக் கேட்பதில்லை. 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டுபிலுமாப் ஊசி, ஐஎல்-4, ஐஎல்-13 இரண்டின் சிக்னலையும் ஒரே இடத்தில் தடுக்கிறது.

அப்புறம், சாப்பாட்டு விஷயம். ஒரே புரதம் கிழிந்த தோல் வழியாக வந்தால் உடல் அதை எதிரியாகப் பார்க்கும். வாய் வழியாக வந்தால் பெரும்பாலும் பழகிக்கொள்ளும். 2015-இல் வெளியான லண்டன் ஆய்வில், கடுமையான எக்ஸிமாவோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைகளைச் சேர்த்தார்கள். வயது 4 முதல் 11 மாதம். ஐந்து வயதில், வேர்க்கடலையைத் தவிர்த்தவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்கு அந்த அலர்ஜி இருந்தது. சாப்பிட்டு வந்தவர்களில் சுமார் 3 சதவீதம்தான். இதைக் கேட்டு நீங்களே ஊட்டிப் பார்க்க வேண்டாம். அங்கே முதலில் தோல் பரிசோதனை செய்து, ஏற்கனவே தீவிரமாக எதிர்வினை காட்டியவர்களை விலக்கிவிட்டார்கள்.

ரத்தப் பரிசோதனையில் பாலுக்கு ஐஜிஇ பாசிட்டிவ் வந்தால், உடல் அந்தப் புரதத்தைக் குறித்துவைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம். எக்ஸிமாவைக் கிளப்புவது பால்தான் என்று அது சொல்லாது. தொந்தரவில்லாமல் குடித்துக்கொண்டிருந்த பாலை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுத்தபோது, சில குழந்தைகளுக்கு உடனடி அலர்ஜி வந்திருக்கிறது. ரிப்போர்ட்டை வைத்து எதையும் நிறுத்துவதற்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டும். "இதைச் சாப்பிட்ட பிறகு என்ன ஆகிறது என்று பார்த்தீர்களா?" என்று அவர் நம்மைத் திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்விக்காகவும்தான் அவரிடம் கேட்க வேண்டும்.