அந்தோணியார் திருநாள் ரொட்டி

நேயர்களுக்கு வணக்கம். ஜூன் 13, பதுவைப் புனித அந்தோணியாரின் திருநாள். 1231இல் அவர் இறந்த நாள் அது. அன்று சிறு ரொட்டிகளை மந்திரித்து ஏழைகளுக்குக் கொடுப்பது கத்தோலிக்கர் வழக்கம். அதனால் ரொட்டி பெரிதாக இருக்க வேண்டியதில்லை, நிறைய பேருக்குக் கிடைக்க வேண்டும். 50 கிராம் உருண்டை போதும்.

ஒரு கிலோ மைதாவுக்குத் தண்ணீர் 580 மில்லி, சர்க்கரை 60 கிராம், வெண்ணெய் 50, உப்பு 18, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 6. சுமார் 34 ரொட்டி வரும். பல குறிப்புகளில் ஈஸ்ட் 10 கிராம் என்றிருக்கும். புதுச்சேரியின் ஜூன் வெக்கைக்கு அது மிக அதிகம். மாவு அவசரமாகப் பொங்கி, ஓவனுக்குள் போனதும் அமுங்கிவிடும். ஈஸ்ட் வாடையும் அடிக்கும்.

நம் ஊரில் ரொட்டி கெடுவது பெரும்பாலும் தண்ணீரின் சூட்டால்தான். பிசைந்து முடித்த மாவு 26 டிகிரியில் இருக்க வேண்டும். மாவின் சூட்டைத் தீர்மானிப்பவை அறை, மைதா, தண்ணீர் மூன்றும் என்பதால், 26ஐ மூன்றால் பெருக்கினால் 78. அதில் அறையின் சூடு 34, மைதாவின் சூடு 34 இரண்டையும் கழித்தால் மிச்சம் 10. அந்த 10 டிகிரியில்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். இது கையால் பிசைபவர்களுக்கான கணக்கு. மெஷினில் உராய்வாலும் சூடேறும், அதற்கு ஐஸ் தண்ணீரே நல்லது.

கால் மணி நேரம் நன்றாகப் பிசையுங்கள். சிறு துண்டை இழுத்தால் கிழியாமல் மெல்லிய சவ்வாக விரிய வேண்டும். ஈரத்துணி போட்டு மூடி, இரண்டு மடங்காகும்வரை வையுங்கள். முக்கால் மணி நேரத்தில் ஆகிவிடும். பிறகு உருட்டி, தட்டில் இரண்டு விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். அரை மணி கழித்து விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். பள்ளம் மெதுவாகப் பாதி எழுந்தால் பதம். சட்டென்று எழுந்தால் இன்னும் பொறுக்க வேண்டும், எழவே இல்லையென்றால் நேரம் கடந்துவிட்டது. மேலே பால் தடவி, 200 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம் சுடுங்கள்.

காலைப் பூசைக்கு முந்தின நாளே சுடுகிறவர்கள் ஒரு கிலோ மைதாவுக்கு இரண்டு தேக்கரண்டி வினிகர் சேர்த்துக்கொள்வது நல்லது. மாவிலிருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்து ஓவன் சூட்டிலும் சாகாது. வெக்கையில் ஒரு நாள் கிடந்தால் ரொட்டியின் உள்ளே பிசுபிசுத்து நூல் விடும், அழுகிய பழ வாடை வரும். வினிகரின் புளிப்பு அதைத் தடுக்கும். சூடாக இருக்கும்போதே கவரில் கட்டினாலும் ஆவி தண்ணீராகிப் பூசணம் பிடிக்கும். கம்பித் தட்டில் இரண்டு மணி நேரமாவது ஆறவிட்டுக் கட்டுங்கள்.