வாசலில் கட்டிய நாயும் தெருவில் திரியும் நாயும்

நேயர்களுக்கு வணக்கம்.

பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வானொலி கேட்கிற தாய்மார்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு. வீட்டு நாய்க்குச் சோறு வைப்பவர்கள் அவர்கள்தான். அது கடித்தால் முதலில் கடிபடுவதும் அவர்களும் பிள்ளைகளும்தான். எனவே இன்றைய பேச்சு முதலில் அவர்களுக்கு.

அரசு கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். நம் திருநெல்வேலி மாவட்டத்தில் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், முக்கூடல், எந்த ஊருக்குப் போனாலும் ஒரே புகார். "தெருநாய்த் தொல்லை தாங்க முடியவில்லை ஐயா, பேரூராட்சி என்னதான் செய்கிறது?" நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தெருநாயின் தாய் யார் வீட்டில் வளர்ந்தது என்று நான் திருப்பிக் கேட்பேன். தை மாதத்தில் வாய்க்கால் கரைப் பக்கம் போய்ப் பாருங்கள். உரச்சாக்குக்குள் குட்டிகள் முனகிக்கொண்டிருக்கும். கையை விட்டு எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் பெட்டைக் குட்டிகள். கடுவனை யாராவது கேட்டு வாங்கிப் போய்விடுவார்கள். பெட்டையைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து விடுவார்கள். அதில் ஒன்று பிழைத்தாலும் போதும். ஒரு வயது ஆவதற்குள் பருவத்துக்கு வந்துவிடும். இரண்டு மாதச் சினை, ஓர் ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி. தெருவில் திரிகிற நாய்க் கூட்டம் நம் வீட்டு வாசலில் இருந்து போனதுதான். இதை நான் எத்தனை மேடையில் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

இப்போது ஓர் ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் வேண்டாம், பெயர் வேண்டாம். பேரன் வாய்க்கால் கரையில் இருந்து ஒரு குட்டியைத் தூக்கி வந்திருக்கிறான். ஆச்சி பால் வைக்கும்போது அது விரலைக் கடித்துவிட்டது. வெற்றிலைச் செல்லத்தில் இருந்து சுண்ணாம்பை எடுத்துக் காயத்தில் அப்பிக்கொண்டார். குட்டி சோர்ந்து கிடக்கிறது என்று அதைக் காட்டத்தான் மருந்தகத்துக்கு வந்தார், தனக்காக வரவில்லை. குட்டியின் வாயில் எச்சில் வடிந்தது, கீழ்த்தாடை தொங்கிப்போயிருந்தது. விரலில் இருந்த சுண்ணாம்பைப் பார்த்தேன். "என்ன ஆச்சி இது?" என்றேன். "வீட்டு நாய்தானே, ஒன்றும் செய்யாது" என்றார்.

நேயர்களே, நாய்க்கடியில் இதைவிட ஆபத்தான பேச்சு கிடையாது. வெறிநோய்க் கிருமிக்கு வீட்டு நாய், தெருநாய் என்ற பேதம் தெரியாது. ஆச்சியைக் குழாயடிக்கு அழைத்துப் போய், துணி சோப்பைக் கையில் கொடுத்து, கால் மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் கழுவச் சொன்னேன். "விரல் ஊறிப்போச்சே ஐயா" என்று சடைத்துக்கொண்டார். ஊறட்டும் என்றேன். அந்தக் கிருமியின் மேலுறையில் கொழுப்பு இருக்கிறது. சோப்பு அதைக் கரைத்துக் கிருமியைச் சாகடித்துவிடும். சுண்ணாம்போ மிளகாய்ப் பொடியோ அதைச் செய்யாது, காயத்தைத்தான் புண்ணாக்கும். பிறகு அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். குட்டி மூன்று நாளில் செத்துப்போனது. ஆச்சி தடுப்பூசி முழுவதையும் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகும் பல வருடம் என்னைக் கண்டால் விரலை நீட்டிக் காட்டுவார்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. அந்த ஊசி ஒழிந்து வெகு காலமாகிவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். கடித்த அன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். அரசு மருத்துவமனையில் இலவசம். காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து செலுத்துவார்கள். நோய்க்குறி தெரிந்த பிறகு காப்பாற்ற மருந்து இல்லை. எனவே நாய்க்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். கழுவுங்கள், உடனே போங்கள்.

இனிப் பேரூராட்சியின் வேலை. 2023-இல் வந்த விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ஒரு காதில் சிறிய வெட்டு இருந்தால் அது கருத்தடை செய்த நாய் என்று அறிந்துகொள்ளுங்கள். "திரும்ப ஏன் இங்கேயே விடுகிறீர்கள், காட்டில் விடக் கூடாதா?" என்று சண்டைக்கு வருவார்கள். பாபநாசம் மலையடிவாரத்தில் நாயை விட்டால் அதைத் தேடிச் சிறுத்தை ஊருக்குள் இறங்கும். நாயின் நோய் காட்டு விலங்குகளுக்கும் பரவும். அது மட்டும் அல்ல, இருந்த நாய் போனால் அந்தத் தெருவுக்கு வேறு நாய் வந்து சேரும், தடுப்பூசி போடாத நாய். நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஊசி போட்டுவிட்டால் ஊரில் வெறிநோய் பரவுவது நின்றுவிடும். ஆனால் சிறிய பேரூராட்சிகளில் அறுவை செய்ய இடமும் கூண்டும் மருத்துவரும் பெரும்பாலும் கிடையாது. பக்கத்து ஊர்கள் சேர்ந்து ஒரு நிலையம் வைத்துக்கொள்ளலாம். அதைக் கேட்டு மனுக் கொடுங்கள். "நாயைப் பிடித்துக்கொண்டு போங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள்.

வீட்டு நாயின் பொறுப்பு முழுவதும் வளர்ப்பவருடையது. அதே விதிகள் குடற்புழு நீக்கம், தடுப்பூசி, கருத்தடை மூன்றையும் உரிமையாளர் தலையில்தான் வைத்திருக்கின்றன. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் வெறிநோய்த் தடுப்பூசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, அப்புறம் ஆண்டுக்கு ஒன்று. சிப்பிப்பாறை, ராஜபாளையம் என்று நாட்டு நாய்களைப் பெருமையாக வாங்குகிறவர்கள் முதலில் ஊசிச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். கருத்தடைக்கு உங்கள் ஊர் மருந்தகத்தில் வசதி இல்லை என்றால் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே விசாரியுங்கள்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பால் இருந்து கை காட்டுகிறார்கள். கறிக்கடைக் கழிவைப் பற்றியும் ராத்திரி சாலையில் படுத்திருக்கும் மாடுகளைப் பற்றியும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். இரண்டே வார்த்தை. கோழிக்கடை அண்ணாச்சிமார்களே, கழிவை ஆற்றங்கரையில் கொட்டாமல் மூடிய தொட்டியில் வைத்துப் பேரூராட்சி வண்டியில் சேருங்கள். மாட்டுக்காரர்களே, பால் கறந்ததும் அவிழ்த்து விடாமல் தொழுவத்தில் கட்டுங்கள். கருத்தடைக்கு நாயைக் கொண்டுபோகிறவர்கள் முதல் நாள் இரவில் இருந்து அதற்குச் சாப்பாடு வைக்க வேண்டாம். வணக்கம்.