கடைசி நாட்களுக்கு வீடே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து பாயோடு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

தீராத நோயின் கடைசி நாட்களுக்கு ஆஸ்பத்திரிதான் சரி என்று எதிரணி மூன்று காரணம் அடுக்கியது. குளுக்கோஸ் ஏற்றாவிட்டால் பட்டினிச் சாவு, கடும் வலிக்குத் தரும் மார்பின் ஒரு போதை மருந்து, ஆம்பளைகள் கடலுக்குப் போன வீட்டில் பார்க்க ஆளில்லை. வலி மருந்து வராத வீடு ஆஸ்பத்திரியைவிட மோசம், அதை நானே ஒப்புக்கொள்கிறேன். நான் பேசுவது மருந்தும் செவிலியரும் படியேறி வரும் வீட்டைப் பற்றி.

முதலில் குளுக்கோஸ். சாகப்போகிற உடம்பு பசியால் ஒடுங்குவதில்லை. ஒடுங்குவதால்தான் பசி அடங்குகிறது. சிறுநீரகம் சோர்ந்த உடம்பில் தினம் இரண்டு பாட்டில் ஏற்றினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? காலில் வீக்கம், நெஞ்சில் சளி. பிறகு "கொரகொரன்னு இழுக்குதே" என்று உறிஞ்சுகுழாயைத் தொண்டைக்குள் விடுவது. ஏற்றியதும் நாம், உறிஞ்சுவதும் நாம்! விழுங்கவும் இருமவும் தெம்பில்லாதவர் தொண்டையில் எச்சில் தேங்குவதால் வரும் சத்தம் அது. நினைவு மங்கியவரைவிடக் கேட்டுக்கொண்டிருப்பவருக்குத்தான் அதில் தவிப்பு அதிகம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, தலையைச் சற்று உயர்த்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஹையோசின் அல்லது கிளைக்கோபைரோலேட் ஊசி. இனி ஊறுவதைத்தான் அது குறைக்கும், தேங்கியதை வற்றவைக்காது. ஆகவே சத்தம் தொடங்கும்போதே செவிலியருக்குச் சொல்லிவிட வேண்டும்.

வாய் காய்ந்தால் மணிக்கொரு தடவை ஈரத்துணியால் துடைத்து, உதட்டில் தேங்காயெண்ணெய் தடவினால் போதும். பாலோ, ராமேஸ்வரம் தீர்த்தமோ, கீழக்கரை வீடுகளில் ஜம்ஜம் நீரோ, மல்லாந்து கிடப்பவர் வாயில் கரண்டியால் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாய்க்குள் இறங்கிப் புரையேறும். பஞ்சில் நனைத்து நாக்கில் தொட்டு வைத்தாலும் சடங்கு சடங்குதான்.

மார்பின்? வயதானவருக்கு மருத்துவர் பெரும்பாலும் 2.5 முதல் 5 மில்லிகிராமில் தொடங்குவார், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. வலி வரட்டும் என்று காத்திருந்தால் வலி முந்திக்கொள்ளும். வீட்டில் நடக்கும் பெரிய தவறு வேறு: மார்பின் மலத்தைக் கட்டும் என்பதால் கூடவே தரும் மலமிளக்கி மாத்திரையை விட்டுவிடுவார்கள், வயிறு உப்பும், பழியை மார்பின்மீது போட்டு நிறுத்திவிடுவார்கள், வலி திரும்பிவிடும். முதல் நாளிலிருந்தே இரண்டும் சேர்ந்து போக வேண்டும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டமே 2014-ல் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் இந்த மருந்தை வைத்துக் கொடுக்க வழி எளிதானது. மூச்சுத் திணறலுக்கும் சிறு அளவு மார்பின் உதவும். கூடவே நம் பனையோலை விசிறி: காற்று கன்னத்தில் படும்படி வீசினால் திணறல் உணர்வு தணியும்.

ஆளில்லை என்றார்கள். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர் சொச்சம். அங்கே வார்டில் காவல் இருக்கப்போவது யார்? அதே வீட்டுப் பெண்தானே! 2021-ல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வலி நிவாரண செவிலியர் வீட்டுக்கே வருகிறார். 2 மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். பழைய சேலையை நாலாக மடித்து இடுப்புக்கடியில் விரித்துவிட்டால் ஒற்றை ஆளே இழுத்துப் புரட்டலாம். எலும்பு முறிந்தால், ரத்தம் நிற்காவிட்டால், மருந்துக்கு மசியாத வலி என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும், அடங்கியதும் திரும்பி வரட்டும்.

முழங்காலில் நீலத்திட்டு, நின்று நின்று வரும் மூச்சு: இவை வந்தால் மணிக்கணக்கு, மிஞ்சினால் சில நாள். அந்நேரம் பதறி வண்டியில் ஏற்றி, வழியில் உயிர் போனால் காவல்துறைக்குத் தகவல், சிலசமயம் பிரேதப் பரிசோதனை வரை இழுக்கும். பார்த்துவரும் மருத்துவரின் எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். இறப்புக் காரணச் சான்று அவரிடம் வாங்கி, 21 நாளுக்குள் பதியுங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒன்றே ஒன்று. கண் மூடிக் கிடந்தாலும் காது கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். கட்டிலருகே நின்று படகை யார் பேருக்கு மாற்றுவது என்று பேசாதீர்கள். நன்றி.