முதலில் ஆங்கர், அப்புறம் பீப், கடைசியில்தான் சைட்

வணக்கம். போன வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர் கேட்ட கேள்வி இது. வேட்டைக்கென்று புதிதாக ஒரு காம்பவுண்ட் வில் (இரு முனைகளிலும் சக்கரம் வைத்த வில்) வாங்கியிருக்கிறார், ஆக்ஸிலுக்கு ஆக்ஸில், அதாவது ஒரு சக்கரத்தின் அச்சிலிருந்து மற்றதன் அச்சு வரை, 30 அங்குலம். பகலில் 20 கஜத்தில் அம்புகள் நன்றாகச் சேர்ந்து விழுகின்றன, ஆனால் பொழுது சாய்ந்ததும் பீப்புக்குள் (நாணில் கட்டியிருக்கும், கண் வைத்துப் பார்க்கும் சின்னத் துளை) எதுவுமே தெரியவில்லை, அம்பு மேலே போய்விடுகிறது. "ஐந்து பின் சைட் வாங்கட்டுமா, ஒற்றைப் பின் ஸ்லைடர் வாங்கட்டுமா? பீப் இருக்கும்போது கிஸ்ஸர் பட்டனும் தேவையா?" என்று கேட்கிறார். சைட் என்பது வில்லில் முன்னால் பொருத்தும் குறிபார்க்கும் கருவி, பின் என்பது அதில் இலக்கின் மேல் வைக்கும் சின்ன ஊசி, ஸ்லைடர் என்றால் தூரத்துக்கு ஏற்ப அந்த ஊசியை மேலும் கீழும் நகர்த்தும் சைட். கிஸ்ஸர் பட்டன் என்பது உதட்டில் படும்படி நாணில் கட்டும் சின்னப் பொத்தான்.

சைட்டைப் பற்றித்தான் முதலில் கேட்டிருக்கிறீர்கள், நான் அதைக் கடைசியில்தான் சொல்லப் போகிறேன். காரணம் இருக்கிறது. முழுதாக இழுத்து நிற்கும்போது உங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கும் பீப்புக்கும் சைட்டின் பின்னுக்கும் நடுவே ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். 20 கஜம் என்பது 18 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதாவது உங்கள் கண் நாணை ஒட்டி 1 மில்லிமீட்டர் இடம் மாறினால், அங்கே அம்பு 2 சென்டிமீட்டருக்கு மேல் விலகும். 3 மில்லிமீட்டர் மாறினால் 20 கஜத்தில் 7 சென்டிமீட்டர், 40 கஜத்தில் 14. ஒரு மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியே 20, 25 சென்டிமீட்டர் அகலம்தான். இந்த 3 மில்லிமீட்டரை எவ்வளவு விலை உயர்ந்த சைட்டாலும் திருத்த முடியாது, ஆங்கர்தான் திருத்தும்.

ஆங்கர் என்றால் இழுத்து முடித்ததும் கையும் நாணும் முகத்தில் வந்து உட்காரும் இடம். எலும்பு எலும்பைத் தொட வேண்டும், சதையை நம்பாதீர்கள். மணிக்கட்டில் கட்டும் ரிலீஸ் (நாணைப் பிடித்து இழுத்து விடும் சாதனம்) என்றால், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் வளைவு தாடை எலும்பின் பின்மூலையில் போய் உட்கார வேண்டும். கையில் பிடிக்கும் கட்டைவிரல் ரிலீஸ் என்றால் முதல் இரண்டு விரல்களின் முட்டிகளுக்கு நடுவே தாடை எலும்பு விழும், எனக்கு இதுதான் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் காட்டில் கீழே விழுந்து தொலையாமல் கையோடு இருப்பது மணிக்கட்டு ரிலீஸ்தான், அதனால் புதியவருக்கு அதையே சொல்வேன். பட்டையின் நீளத்தை ஒருமுறை சரி செய்து, எந்தத் துளையில் மாட்டினீர்களோ அதில் மார்க்கர் பேனாவால் அடையாளம் போட்டு வைத்துவிடுங்கள். ஒரு துளை மாறினால் ஆங்கரே மாறிவிடும்.

இரண்டாவது தொடுபுள்ளி மூக்கின் நுனி, நாண் அதை லேசாகத் தொட வேண்டும். இங்கேதான் உங்கள் 30 அங்குல வில் இடைஞ்சல் செய்யும். வில் குட்டையாக இருந்தால் முழு இழுப்பில் நாண் கூர்மையாக மடங்கி முகத்தை விட்டு விலகிப் போகும், மூக்கால் தொடுவதற்குத் தலையை முன்னால் தள்ளிக் குனிய வேண்டியிருக்கும், குனிந்த தலை ஒரு நாள் நின்றது போல் இன்னொரு நாள் நிற்காது. அதனால் உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: ஆமாம், உங்களுக்குக் கிஸ்ஸர் பட்டன் தேவை. நீளமான வில் வைத்திருந்து, மூக்கு தானாகவே நாணைத் தொட்டால், அது இல்லாமலே சமாளிக்கலாம். நாணில் கட்டும் அந்தச் சின்னப் பொத்தான் உதட்டின் ஓரத்தில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து பட வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை.

ஒன்று சொல்கிறேன், இது என் அனுபவம். ஒரு குளிர்காலத்தில், பொழுது விடியாத நேரம், மரத்தின் மேல் மேடையில் உட்கார்ந்திருந்தேன். 28 கஜத்தில் மான் பக்கவாட்டில் நின்றது, அமைதியாக இழுத்தேன், பின்னை வைத்தேன், விட்டேன். அம்பு முதுகை ஒட்டி மேலே போனது. வீட்டுக்கு வந்து அன்று போட்டிருந்த அதே தடித்த முகமூடியைப் போட்டுக்கொண்டு இழுத்துப் பார்த்தால், துணி வழுக்கி, கை ஆறேழு மில்லிமீட்டர் கீழே இறங்கி நிற்கிறது. பீப் இருட்டாக இருந்ததால் நான் அதற்குள் பார்க்கவே இல்லை, என்னை அறியாமல் அதன் மேல் விளிம்பைத் தாண்டிப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கும் மாலையில் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் வேட்டைக்கு எந்த உடுப்பு, கையுறை, முகமூடி போடுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டே பயிற்சி செய்யுங்கள். நான் வாய் ஓரத்தில் துணியை வெட்டித் திறந்துவிட்டேன்.

சரி, பீப். உங்களிடம் இருப்பது 1/8 அங்குலமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன், அது குறிப் பலகைக்குச் சரி. துளையின் விட்டம் இரண்டு மடங்கானால் உள்ளே வரும் வெளிச்சம் நான்கு மடங்கு, ஆக 1/4 அங்குலப் பீப்பில் அந்தி நேரத்திலும் நன்றாகத் தெரியும். வேட்டைக்கு 3/16 அல்லது 1/4 எடுங்கள். ஆனால் பெரிய துளைக்குள் கண் எங்கே வேண்டுமானாலும் அலையுமே என்று கேட்பீர்கள். அதற்குத்தான் சைட்டின் வட்ட வளையம். முழு இழுப்பில் பீப்பின் வட்டத்துக்குள் சைட்டின் வளையம் அப்படியே அடங்கி, சுற்றிலும் நூல் மாதிரி மெல்லிய வெளிச்சக் கோடு தெரிய வேண்டும். அப்படி அடங்கும் அளவே உங்களுக்கான அளவு, சைட்டும் பீப்பும் ஜோடியாகத்தான் அமையும்.

பீப்பின் உயரத்தைக் கண்ணை மூடிப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். தடித்த இலக்குக்கு மூன்றடி முன்னால் நின்று, அம்பை மாட்டி, விரலை டிரிகருக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி இழுத்து ஆங்கரில் வசதியாக நில்லுங்கள், பிறகு கண்ணைத் திறங்கள். பீப் நேராகக் கண் முன்னால் இருக்க வேண்டும். அதைத் தேடித் தலை அசைந்தால் பீப்பைத்தான் நகர்த்த வேண்டும். பிரஸ் (வில்லை அழுத்தி நாணைத் தளர்த்தும் கருவி) உள்ளவரிடம் கொடுத்து நகர்த்தி, மேலும் கீழும் நூலால் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். அம்பு இல்லாமல் மட்டும் நாணை விட்டுவிடாதீர்கள், வில் உடையும்.

இப்போது சைட். என் தேர்வு மூன்று பின், 20, 30, 40 கஜத்துக்கு. ஐந்து பின்னில் பதற்றத்தில் தப்பான பின்னை எடுத்துவிடுகிறோம். ஒற்றைப் பின் ஸ்லைடரில் பார்வை மிகத் தெளிவு, நின்று நிதானமாகச் சுடும் இடத்தில் அருமையான சாதனம், ஆனால் 20ல் வைத்திருக்கும்போது விலங்கு 35க்கு நடந்துவிட்டால் வில்லை இறக்கிச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும், அந்த அசைவிலேயே அது ஓடிவிடும். பின்னின் தடிமன் .019 அங்குலம் போதும். .010 அந்தியில் மங்கிவிடும். .029 பளிச்சென்று தெரியும், இருட்டில் இன்னும் பெரிதாகப் பரவி இலக்கை மறைக்கும். பேட்டரி விளக்குள்ள சைட் வாங்குமுன் நீங்கள் வேட்டையாடும் இடத்தின் விதிகளைப் பாருங்கள், சில இடங்களில் அதற்கு அனுமதி இல்லை. லெவல் குமிழி இல்லாத சைட் வேண்டாம், சரிவில் நிற்கும்போது வில் சாய்வது நமக்குத் தெரியவே தெரியாது, சாய்ந்த பக்கமாக அம்பு போகும்.

சைட்டைத் திருத்தும்போது அம்பு போகும் திசையிலேயே பின்னை நகர்த்துங்கள், இடது என்றால் இடது, மேலே என்றால் மேலே. புது நாணில் முதல் நூறு அம்புகளாவது விட்ட பிறகு பீப் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள், நாண் நீண்டு முறுக்கு மாறும். எல்லாம் சரியான அன்றைக்கே சைட்டின் ஒவ்வொரு திருகிலும் மெல்லிய வெள்ளைக் கோடு போட்டுவிடுங்கள், எது நகர்ந்தாலும் காட்டுக்குப் போகுமுன் கண்ணில் படும்.